பாலையூற்றிலிருந்து ஸ்கார்பரோ வரை: 34 மணித்தியாலப் பயணம் 58 ஆன விதம்

கொழும்பிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லாரும் ஒரு எண் சொல்வார்கள். திருகோணமலை பாலையூற்றில் வீட்டுப் படலையைச் சாத்தியதிலிருந்து ரொறன்ரோவின் ஸ்கார்பரோவில் அக்கா வீட்டு மணியை அடிக்கும் வரை எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். போன மார்கழியில் தனியாக அந்தப் பயணம் போனேன். பறக்கும் நேரம் 18 மணித்தியாலம் 40 நிமிடம் என்று டிக்கெட் சொன்னது. வாசலுக்கு வாசல் 34 மணித்தியாலம் என்று நான் கணக்குப் போட்டேன். கடைசியில் 58 ஆனது. கையிலிருந்து மேலதிகமாகப் போனது 2 இலட்சத்து 62 ஆயிரம் ரூபா. பிழை எங்கே நடந்தது என்று பார்த்தால், ஆகாயத்தில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் தரையில், ஒரு பயணத்தை மற்றப் பயணத்தோடு முடிச்சுப் போடும் இடத்தில் நடந்தது. திருகோணமலையிலிருந்து முதல்முறை தூரதேசம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தைப் பார்த்தால் கனடா மேற்கே இருக்கிறது. அரேபியா, ஆபிரிக்கா, அத்திலாந்திக் தாண்டி நேரே போகவேண்டும் என்று தோன்றும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் ஒரு விரல், ரொறன்ரோவில் ஒரு விரல் வைத்து நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் கிட்டத்தட்ட வடக்கு நோக்கியே போகும். இந்தியாவுக்கு மேலாக, மத்திய ஆசியா, ரஷ்யா என்று ஏறி, வட அகலாங்கு 72 பாகை வரை போய், ஆர்க்டிக் பக்கத்தால் வளைந்து கனடாவுக்குள் இறங்கும். அந்த நூலின் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். இதையே மைலில் சொன்னால் 8,700, கடல் மைலில் சொன்னால் 7,550. ஒரு இணையத்தளத்தில் 14,000, இன்னொன்றில் 8,700, மூன்றாவதில் 7,550 என்று பார்த்து, எது சரி என்று ஒரு பின்னேரம் முழுக்க மண்டையைப் பிய்த்தேன். மூன்றும் சரி, அலகுதான் வேறு.

இந்தத் தூரத்தை நிற்காமல் பறக்கக்கூடிய விமானங்கள் உலகத்தில் இருக்கின்றன. சிங்கப்பூர்–நியூயோர்க் நேரடிப் பறப்பு 15,300 கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது, எங்கேயாவது இறங்கி ஏறத்தான் வேண்டும். அப்படி இறங்கினால் எவ்வளவு சுற்று என்று கணக்குப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். துபாய் வழியென்றால் 3,290 உடன் 11,080, மொத்தம் 14,370. லண்டன் வழியென்றால் 8,710 உடன் 5,710, மொத்தம் 14,420. நேர்கோட்டை விட 400 கிலோமீற்றர் கூட, அவ்வளவுதான். அந்த 400ஐ விமானம் அரை மணித்தியாலத்தில் கடந்துவிடும். தில்லி வழி இன்னும் குறுகியது, 14,030. நூல் போகும் பாதைக்குக் கிட்டவே தில்லி கிடக்கிறது. ஆனால் காகிதத்தில் குறுகிய பாதை ஆகாயத்தில் குறுகியதாக இருப்பதில்லை. 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்பரப்பு கனேடிய, ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. அவை சுற்றித்தான் போகவேண்டும். ஆகவே எந்த ஊர் வழி போவது என்பதைத் தூரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இறங்கி ஏறும் இடத்தில் எவ்வளவு நேரம், எந்த விசா, ஒரே டிக்கெட்டா என்ற மூன்றையும் வைத்து முடிவெடுங்கள்.

தூரத்திலிருந்து நேரத்தை மனக்கணக்காக எடுக்க ஒரு வழி இருக்கிறது. கிலோமீற்றரை 850 ஆல் பிரித்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். துபாய்க்கு 3,290 என்றால் 4 மணித்தியாலமும் கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவும் வரும். துபாய்–ரொறன்ரோ 11,080 என்றால் 13 மணித்தியாலம் 30 நிமிடம். விமானம் மேலே ஏறி நிதானப்பட்ட பிறகு மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் பறக்கும், ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இல்லை என்பதால்தான் 850. டிக்கெட்டில் உள்ள நேரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வாசலை விட்டுப் பின்னால் தள்ளும் நிமிடம் முதல் மறுமுனையில் வாசலில் வந்து நிற்கும் நிமிடம் வரை அவர்கள் எண்ணுகிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதற்குள் அடக்கம். மற்றது காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலமான காற்றோட்டம் எப்போதும் ஓடுகிறது. கனடாவுக்குப் போகும்போது அது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். துபாயிலிருந்து போக எனக்கு 14 மணித்தியாலம் 10 நிமிடம், வர 12 மணித்தியாலம் 40 நிமிடம். ஒரே தூரம், ஒன்றரை மணித்தியால வித்தியாசம்.

இனி மணிக்கூட்டுக் குழப்பம். என் டிக்கெட்டில் கட்டுநாயக்க புறப்பாடு அதிகாலை 2.55, ரொறன்ரோ வருகை அதே நாள் பிற்பகல் 1.30. அம்மா அதைப் பார்த்துவிட்டு “பத்தரை மணித்தியாலம்தானே, சாப்பாடு கட்டத் தேவையில்லை” என்றா. இலங்கை நேரம் உலக நேரத்துக்கு 5.30 முன்னால்; ரொறன்ரோ மாரிகாலத்தில் 5 பின்னால். வித்தியாசம் பத்தரை. மேற்கே போகும்போது மணிக்கூட்டில் தெரியும் இடைவெளியோடு அந்தப் பத்தரையைக் கூட்டவேண்டும்: 10.35 உடன் 10.30 சேர, 21 மணித்தியாலம் 5 நிமிடம். அதுதான் உண்மையான நேரம். திரும்பி வரும்போது கழிக்கவேண்டும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவார்கள், அப்போது வித்தியாசம் ஒன்பதரை. நாமும் துபாயும் நகர்த்துவதில்லை. அக்கா போன காலத்தில் நம் நாட்டு நேரமே வேறாக இருந்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி 5.30க்கு வந்தோம். அதனால் அவவின் பழைய நாட்குறிப்பில் வித்தியாசம் 11 என்று கிடந்தது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் என்றால் திகதியை இரண்டு தரம் வாசியுங்கள். 15ஆம் திகதி அதிகாலை 2.55 என்றால் 14ஆம் திகதி பின்னேரமே வீட்டை விட்டு இறங்கவேண்டும். இதில் ஒரு நாள் பிந்திப்போய் நின்றவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

உலகத் தூரமெல்லாம் பார்த்தவர்கள் கோட்டைவிடும் இடம் நம்முடைய றோட்டு. எங்களுக்குப் பக்கத்தில் சீனக்குடாவில் நீளமான ஓடுபாதை இருக்கிறது. 1942இல் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட அதே தளம். அது விமானப்படையிடம் இருக்கிறது, அங்கிருந்து நாங்கள் வெளிநாட்டுக்கு ஏற முடியாது. சீனக்குடாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நேர்கோட்டில் 208 கிலோமீற்றர்தான், ஒரு பெரிய விமானம் கால் மணித்தியாலத்தில் தாண்டும். றோட்டால் ஏறத்தாழ 250. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் போய், அங்கிருந்து திவுலப்பிட்டிய, மினுவாங்கொடை வழியாக இறங்கவேண்டும். நல்ல நாளில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். அதாவது மணிக்கு 40–45 கிலோமீற்றர் கணக்கு. குருநாகலிலிருந்து மீரிகம வரை அதிவேகப் பாதையில் ஏறினால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் மார்கழி நல்ல நாள் இல்லை. வாடைக்காற்று மழை நம் பக்கத்தில் கொட்டும் மாதம் அது. கனடாவில் பனி கொட்டுமே என்று பயந்துகொண்டிருந்த எனக்கு கந்தளாய்க்கு இப்பால் றோட்டில் முழங்கால் தண்ணீர்.

வான் வண்டியைப் பின்னேரம் 4 மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். 10 மணிக்கு எயார்போர்ட், 2.55க்கு விமானம், நிறைய நேரம் என்று நினைப்பு. தண்ணீருக்குள் ஊர்ந்தது 50 நிமிடம். ஹபரணைக்கு முன்னால் இருட்டில் யானை நின்றது. முன்னால் ஒரு பஸ், பின்னால் நாங்கள், லைற்றைத் தணித்துவிட்டு அரை மணித்தியாலம் காத்திருந்தோம். அந்தப் பக்கத்தில் பொழுதுபட்ட பிறகு யானை மறிப்பது புதினம் இல்லை. ஹோர்ன் அடிக்கக்கூடாது, லைற்றை அடித்து மிரட்டக்கூடாது, அது போகும்வரை நிற்பதுதான் வழி. தம்புள்ளை தாண்டி மழையில் மெதுவாக வந்து சேர 12.10. ஆறு மணித்தியாலப் பாதை எட்டு மணித்தியாலம் 10 நிமிடம் எடுத்தது. என் கணக்கு இப்போது இதுதான்: நள்ளிரவு விமானம் என்றால் காலை 10 மணிக்கே வெளிக்கிடுங்கள், வெளிச்சத்தோடு ஹபரணைக் காட்டைத் தாண்டிவிடலாம். காலை விமானம் என்றால் முதல்நாளே நீர்கொழும்பில் போய்ப் படுங்கள். சாதாரண விடுதியில் ஓர் அறை வாடகை, தவறவிட்ட டிக்கெட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரவு ரயிலும் இருக்கிறது. கல்ஓயா, மாகோ வழியாக விடியப்புறம் கொழும்புப் பக்கம் போய்ச் சேரும். றாகமையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்கலாம். ஆனால் அந்த ரயிலை நம்பி அன்றைய காலை விமானத்துக்குப் போகாதீர்கள். பின்னேரம், இரவு விமானத்துக்கு மட்டும் அது சரி. தண்டவாளத்திலும் யானை உண்டு.

இப்போது டிக்கெட். கொழும்பு–துபாய்–ரொறன்ரோ ஒரே டிக்கெட்டாக எடுத்தால் 358,000 ரூபா என்று முகவர் நிலையத்தில் சொன்னார்கள். அதே இடத்துப் பெடியன் இன்னொரு கணக்குப் போட்டுக் காட்டினான். துபாய் வரை ஒரு மலிவு விமானம் 62,000, துபாயிலிருந்து வேறு நிறுவனம் 205,000, துபாய்க்குள் போய்ப் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க ஒரு குறுகியகால விசா 38,000. மொத்தம் 305,000. மிச்சம் 53,000. “அன்ரி, ரெண்டு மணித்தியாலம் இருபத்தைஞ்சு நிமிசம் இருக்கு, ஆறுதலா நடந்து போகலாம்” என்றான். பொய் சொல்லும் பிள்ளை இல்லை, தெரியாமல் சொன்னான். தெரியாதவர்களிடம் காசைக் கொடுத்த பிழை என்னுடையது.

அந்த 2 மணித்தியாலம் 25 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். முதல் விமானம் துபாய் நேரம் 5.55க்கு வரவேண்டும், இரண்டாவது 8.20க்குப் போகவேண்டும். ஆனால் பெட்டி ஏற்கும் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால், 7.20க்கு மூடிவிடும். ஆக, கையில் இருந்தது 85 நிமிடம். அதற்குள் விமானத்தை விட்டு இறங்கி நடக்கவேண்டும், குடிவரவு வரிசை (அங்கே எனக்கு 40 நிமிடம் பிடித்தது), பெட்டி வர அரை மணித்தியாலம், பிறகு புறப்பாட்டுப் பக்கத்துக்கு ஏறிக் கவுண்டரைத் தேடவேண்டும். துபாயில் மூன்று முனையங்கள். இரண்டாம் முனையம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே இறங்கினால் மற்றதுக்குப் போக டாக்சி பிடிக்கவேண்டும். விமானம் சரியான நேரத்துக்கு வந்திருந்தால்கூட நான் 7.20ஐப் பிடித்திருப்பேனா என்பது சந்தேகம். அது கட்டுநாயக்கவிலேயே 70 நிமிடம் பிந்திப் புறப்பட்டது. துபாய் வாசலில் நின்றபோது மணி 7.05. பெட்டி கைக்கு வந்தது 8.10க்கு. கவுண்டரில் ஒருவரும் இல்லை. பக்கத்துக் கவுண்டர்ப் பிள்ளையிடம் கெஞ்சினேன், அழுகையும் வந்துவிட்டது. “நீங்கள் வந்த விமானம் எங்களுடையது இல்லை, அது பிந்தியதற்கு நாங்கள் பொறுப்பில்லை” என்று அவ மரியாதையாகத்தான் சொன்னா. கொண்டுவந்த நிறுவனமோ “துபாய் வரை கொண்டுவந்து விட்டோம், எங்கள் வேலை முடிந்தது” என்றது. சட்டப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டு டிக்கெட் எடுத்தால் நடுவில் நிற்பது நாங்கள் மட்டும்தான்.

வாங்குமுன்னரே இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மின்டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். உங்கள் பயணத்தின் எல்லாப் பறப்புகளும் அந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டு வேறு எண்கள் என்றால் இரண்டு வேறு ஒப்பந்தங்கள். ஒரே தாளில் அழகாக அச்சடித்துத் தந்தாலும் ஏமாறாதீர்கள், என்னுடையதும் ஒரே தாளில்தான் இருந்தது. அடுத்தது கட்டுநாயக்கவில் பெட்டியில் ஒட்டும் பட்டி. அதில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்துக் குறி இருக்கும். ரொறன்ரோவுக்கு வை.வை.இசட், துபாய்க்கு டி.எக்ஸ்.பி. நீங்கள் போகும் கடைசி ஊரின் குறி பெரிதாக இருந்தால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். நடு ஊரின் குறி இருந்தால் அங்கே இறங்கி நீங்களே எடுக்கவேண்டும். பட்டியின் துண்டைக் கடவுச்சீட்டில் ஒட்டித் தருவார்கள், அதைப் பிய்த்து எறியாமல் வைத்திருங்கள். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே முறைப்பாட்டுப் படிவம் நிரப்ப அந்த எண்தான் வேண்டும்.

மறுநாள் அதே நேர விமானத்துக்குப் புது டிக்கெட் 290,000 ரூபா. கடைசி நேர விலை அப்படித்தான். பழைய 205,000இல் திரும்பக் கிடைத்தது 14,000, அதுவும் பறக்காத விமானத்துக்கு வசூலித்த விமான நிலைய வரி மட்டும். இது பலருக்குத் தெரியாது. திருப்பித் தராத டிக்கெட் என்றாலும் வரியின் ஒரு பகுதியை எழுதிக் கேட்டால் தருவதுண்டு. ஒரு நாள் விடுதி 30,000, சாப்பாடு 9,000. 53,000ஐ மிச்சம் பிடிக்கப் போய் மொத்தம் 620,000 செலவழித்தேன். பயணக் காப்புறுதி எடுத்திருந்தேன், ஆனால் தானாக இணைத்துக்கொண்ட தனித்தனி டிக்கெட்டுகளில் தவறவிட்ட விமானத்துக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. காப்புறுதி வாங்கும்போது “இணைப்பு விமானம் தவறினால்” என்ற பந்தியை மட்டுமாவது வடிவாக வாசியுங்கள். இன்னொன்று: ஒரே டிக்கெட்டில் முதல் பறப்பைத் தவறவிட்டுவிட்டு “நான் துபாயில் வந்து ஏறுகிறேன்” என்று சொல்ல ஏலாது. முதல் துண்டு போனால் மிச்சம் எல்லாம், திரும்பும் பயணம் உட்பட, இரத்தாகிவிடும். தவறப்போகிறது என்று தெரிந்தால் விமானம் புறப்படுமுன்னரே அழைத்துச் சொல்லவேண்டும். ஹபரணையில் யானைக்காகக் காத்திருக்கும்போதே கூட அந்த அழைப்பை எடுக்கலாம்.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பெட்டி நேரே மாறியிருக்கும். குடிவரவு வரிசையில் நிற்கத் தேவையில்லை, 38,000 ரூபா விசாவும் தேவையில்லை. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் அவர்களே காசில்லாமல் ஏற்றியிருப்பார்கள். கனடாவுக்குப் போகும், அங்கிருந்து வரும் பயணங்களுக்கு 2019 முதல் பயணிகள் பாதுகாப்பு விதிகளும் இருக்கின்றன. விமான நிறுவனத்தின் பிழையால், பாதுகாப்புக் காரணம் அல்லாமல், போய்ச் சேருவது 3 மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் பெரிய நிறுவனங்கள் 400 கனேடிய டொலர், 6க்கு மேல் 700, 9க்கு மேல் 1,000 தரவேண்டும். ஒரு வருடத்துக்குள் எழுத்தில் கேட்கவேண்டும். காலநிலையால் பிந்தினால் அந்தக் காசு கிடையாது. ஒரே டிக்கெட் என்றாலும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவது என்று கேட்டால், நான் 3 மணித்தியாலத்துக்குக் குறைய எடுக்கமாட்டேன், 5க்கு மேலும் எடுக்கமாட்டேன். தனித்தனி டிக்கெட் தவிர்க்கவே முடியாதென்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள், அந்த இரவின் செலவையும் சேர்த்துத்தான் மலிவா என்று பாருங்கள்.

விசா விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் கடவுச்சீட்டுக்கு வெறும் இறங்கி ஏறுவதற்கே விசா கேட்கும் நாடுகள் உண்டு. பிரித்தானியாவும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளும் விமான நிலையத்தை விட்டு வெளியேறாவிட்டாலும் இலங்கையரிடம் ட்ரான்சிட் விசா கேட்பவை. கையில் செல்லுபடியான கனேடிய விசா இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் டிக்கெட் எடுக்குமுன் அன்றைய விதியை அந்தந்த அரசின் தளத்தில் பாருங்கள். அமெரிக்கா வழி போனால் விலக்கே இல்லை. அங்கே இறங்கி ஏறுவதென்றாலும் நாட்டுக்குள் நுழைந்து வெளியேறவேண்டும், ஆகவே விசா கட்டாயம். மலிவு டிக்கெட் என்று நியூயோர்க் வழியாக எடுத்துவிட்டுக் கட்டுநாயக்கக் கவுண்டரிலேயே திரும்பி வருகிற ஆக்கள் இதனால்தான்.

துபாயில் அந்த ஒரு நாள் எனக்குக் கற்பித்தது கைப்பையைப் பற்றி. பெட்டி எங்கேயோ போகலாம், கைப்பை எங்களோடு நிற்கும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை மூன்று நாளுக்குக் கணக்குப் பண்ணிக் கைப்பையில், கடையில் வாங்கிய பெட்டியோடும் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டோடும் வையுங்கள். இன்சுலினைப் பயணப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறையலாம். 24 மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை என்றால் ஊர் மணிக்கூட்டைப் பார்க்காமல் முதல் குளிசை எடுத்ததிலிருந்து எண்ணுங்கள். இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று வெளிக்கிட முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு மாற்றுடுப்பு, ஃபோன் சார்ஜர், பவர் பேங்க் எல்லாமும் கைப்பையில்தான். பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைத்தால் திறந்து எடுத்துவிடுவார்கள். குளிர்ச்சட்டை முக்கியம். துபாய் வெயிலில் அதைச் சுமப்பது பைத்தியமாகத் தோன்றும், ஆனால் ரொறன்ரோவில் பெட்டி வராவிட்டால் மார்கழிக் குளிருக்குள் வெறும் கொட்டன் சட்டையோடு வாசலில் நிற்கவேண்டி வரும். அம்மாவின் சொல்லைக் கேட்காமல் ரொட்டி கட்டிக் கொண்டுபோனேன், அதுதான் முதல் நாள் காப்பாற்றியது. சம்பலையும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிலீற்றருக்கு மேல் குழைவான எதையும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எலுமிச்சை ஊறுகாய் போத்தல் ஒன்று அப்படிக் குப்பைக்குள் போனதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

14 மணித்தியாலம் ஒரே கதிரையில் இருப்பது வேறு வேலை. நடைபாதைப் பக்கக் கதிரையை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். யன்னல் பக்கம் வடிவு, ஆனால் இரண்டு பேரை எழுப்பித்தான் கழிவறைக்குப் போகவேண்டும், அந்தக் கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். அப்படி இருந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழும்பி நடங்கள், இருந்தபடியே குதிக்காலையும் விரலையும் மாறி மாறி உயர்த்துங்கள். காலில் வீக்கம் வருகிறவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரைக் கேட்டு இறுக்கமான காலுறை போடவேண்டும்.

ரொறன்ரோவில் இறங்கியதும் கொண்டுவந்த சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும், கருவாடு, மிளகாய்த்தூள், முறுக்கு என்று, கேட்கும்போது சொல்லிவிடுங்கள். சொன்னதற்குத் தண்டம் இல்லை. சொல்லாமல் பிடிபட்டால் உண்டு. 10,000 கனேடிய டொலருக்குச் சமமாகவோ கூடவோ காசு வைத்திருந்தாலும் சொல்லவேண்டும். குடிவரவு, பெட்டி, சுங்கம் முடிந்து வெளியே வர ஒன்றரை மணித்தியாலம் என்று கணக்கு வையுங்கள், கூட்டிப்போக வருகிறவர்களுக்கும் அந்த நேரத்தையே சொல்லுங்கள். இரண்டு பயணிகள் முனையங்கள் இருக்கின்றன, 1ம் 3ம். எது என்று டிக்கெட்டில் இருக்கும். அக்கா ஒருநாள் பிந்தி வந்த என்னைப் பார்த்து “ஏனடி இப்பிடி மெலிஞ்சு போனாய்” என்றா. 58 மணித்தியாலக் கணக்கை அங்கேயே நின்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

திரும்பும் டிக்கெட்டை அக்காவே அங்கிருந்து எடுத்திருந்தா, ஒரே எண்ணில். மாசியில் ரொறன்ரோவில் பிற்பகல் 2.30க்கு ஏறினேன். பனிக்காலத்தில் அங்கே புறப்படுமுன் இறக்கையில் படிந்த பனியைத் திரவம் அடித்துக் கழுவுவார்கள், அதற்கே 20 நிமிடம், சில நாளில் இன்னும் கூட. நடுவில் 4 மணித்தியாலம் 20 நிமிடம் விட்டிருந்ததால் எனக்குப் பதற்றம் இல்லை. கட்டுநாயக்கவில் மறுநாள் இரவு 10.15. மணிக்கூட்டில் 31 மணித்தியாலம் 45 நிமிடம் போல் தெரியும், பத்தரையைக் கழித்தால் 21 மணித்தியாலம் 15 நிமிடம். பட்டியில் சி.எம்.பி என்று பெரிதாக இருந்தது, பெட்டியும் வந்தது. வான்காரத் தம்பி “இப்பவே வெளிக்கிட்டா விடிய வீட்டில அக்கா” என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீர்கொழும்பில் படுத்து, காலை 6 மணிக்கு இறங்கினேன். ஹபரணைக் காட்டை வெளிச்சத்தில் தாண்டி, கந்தளாய்க் குளக்கட்டைப் பார்த்தபடி வந்து, 12.15க்குப் படலையைத் திறந்தேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தா.